அக்கா கடித்த கயிறு

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் இந்தத் தவக்காலத்தோடு ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் வீட்டில் உண்டு. ஆனால் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று என்னிடம்தான் இருக்கிறது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் எங்கள் நைனாவுக்குத் தலைமகளாகப் பிறந்தவர் அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட்டதால், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஏரியில் இறங்கினார். இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போடும் ஓலைப்பறி தண்ணீரில் மிதக்கும். அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அக்கா பேசாமல் இருந்தது அந்த நேரம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் திட்டு. அந்தத் திட்டில்தான் தம்பிகள் மூவரும் வளர்ந்தோம். நான் மட்டும் சரியாக வளரவில்லை என்பது அக்காவின் கருத்து. ஊரும் அதை மறுத்ததில்லை.

தவக்கால வெள்ளியில் கறி கூடாது என்பது எங்களுக்கு என்ன பெரிய ஒறுத்தல்? அன்றைக்குத்தான் இறால் தொக்கும் வறுத்த மடவை மீனுமாக வீடே மணக்கும். ஓர் ஆண்டு ஃபாதர் பிரசங்கத்தில், "கறியைத் தவிர வேறு எதையாவது விடுங்களேன்" என்றார். அக்கா எழுந்து, "நான் திட்டறத விட்டுடறேன் ஃபாதர்" என்றார். கோவிலே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் பறிக்கயிற்றில் ஒரு முழம் அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். கோபம் வந்தால் எடுத்துக் கடித்துக்கொள்வார். முதல் வாரத்திலேயே கயிறு நைந்துவிட்டது. காரணம் பெரும்பாலும் நான்தான்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

பல ஆண்டுகளாக அக்காவும், அக்காவின் வீட்டுக்காரரான மாமாவுக்கு மூத்தவரும் பேசிக்கொண்டதில்லை. அவரை அக்கா அண்ணி என்று கூப்பிடுவார், நாங்களும் அப்படியே. ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் அண்ணி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். நான் சும்மா இராமல், "உங்க கொழம்புல நண்டு இன்னும் நீந்திக்கினு இருக்குதுனு அக்கா சொல்லிச்சு அண்ணி" என்றேன். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. சரக்கு முழுக்க என்னுடையது. அண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர்தான். மாமா தவறிய அன்றுகூட இருவரும் கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்று அழுதார்கள். அன்று நான் நகைச்சுவையாக ஒன்றும் பேசவில்லை.

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று, ஏரியில் அக்கா பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். வாயில் கயிறு, மனத்தில் விரதம் என்று எனக்கு இரட்டைப் பாதுகாப்பு. அக்காவின் வாய் திறந்தது. பறி மிதந்து போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பறியப் புடிடா" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அக்கா கிளம்பி அண்ணியின் வீட்டுக்குப் போனார். நான் வெளியே வலைக்குவியலுக்குப் பின்னால் நின்றேன், வீரன்தானே!

"இன்னாடி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"அந்தப் பேச்சுக்கு மன்னிச்சுக்கோ அண்ணி."

யார் பேசிய பேச்சு என்று அக்கா சொல்லவில்லை. அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள், அப்புறம் சாப்பிட்டார்கள்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் நானே போய் நின்றேன். "அக்கா, திட்டிடு."

"திட்டணும்னுதான் எடுத்து வெச்சிருந்தேன். எங்க வெச்சேன்னு தெரியலடா" என்று சிரித்தார். "ஆனா அண்ணிகிட்ட நீயே ஒரு நாள் சொல்லணும்."

அந்த ஒரு நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

கடைசி மாதங்களில் அக்கா படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டி, தலை வாரி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர் அண்ணிதான். அந்த முழக்கயிற்றை அக்கா அண்ணி கையில் கொடுத்தார். "உனக்கும் வாய் ஜாஸ்தி அண்ணி, வெச்சுக்கோ" என்றார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்.

வீட்டில் ஜெபமாலை சொன்ன பெண்களுக்கும், பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு மாறி மாறித் துணை வந்தவர்களுக்கும், அடக்கத்தன்று படகு இறக்காமல் வந்து நின்ற லைட்ஹவுஸ் குப்பத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணி, உங்களுக்கு நன்றியோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நண்டுப் பேச்சு என்னுடையது. அக்கா உங்கள் குழம்பை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தவக்காலமாகப் பார்த்துத்தான் சொல்கிறேன். கயிறு உங்கள் முந்தானையில் இருப்பதும் எனக்குத் தெரியும். ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் வருகிறேன். நண்டுக் குழம்பு வையுங்கள். திட்டையும் மறக்காமல் எடுத்து வையுங்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் போவேன்.