வலது கன்னம்

காலைத் தொடரில் வயலின் தொடங்கியதும் சுமியே சவரக் கத்தியைக் கணவரின் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். அழுகிற முகத்தை மழிக்கக் கூடாது, தசை துள்ளும். தொடர் பார்த்தால் இசாமுவுக்கு அழுகை வந்துவிடும். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்தே அப்படித்தான்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இரு. இன்னும் கிண்ணம் வைக்கல."

கட்டிலோரத்துச் சின்னத் தொலைக்காட்சியில் கதாநாயகி நாமி தன் துறைமுகச் சாப்பாட்டுக் கடையைச் சாத்திவிட்டு ஒரு கிண்ணம் சோறு எடுத்துவைத்தாள். அப்பாவோடு சண்டை போட்டுப் படகேறிப் போன அண்ணனுக்கு. தினமும் வைக்கிறாள். அண்ணன் வருவதில்லை. சோற்றிலிருந்து ஆவி பறந்தது, பெயர்கள் ஓடின, அன்றைய பகுதி முடிந்தது.

இசாமு தன் வலது காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார். அதன் மறுமுனை சுமியேயின் காதில் இருந்தது. அந்த வார்டில் தொலைக்காட்சிச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. நடைக்கூடத்து இயந்திரத்தில் அட்டை வாங்கிச் செருகினால்தான் படமே வரும். பார்வையாளர் நேரம் மதியத்துக்கு மேல்தான். கத்தி கொண்டுவரவே கூடாது. போன வாரத்திலிருந்து நர்ஸுகள் இரண்டையும் கண்டுகொள்வதில்லை. அதன் அர்த்தம் இருவருக்கும் தெரியும்.

யொனாகோ ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருவரும் சேர்ந்து சலூன் நடத்தினார்கள். அவர் முடி வெட்டுவார். அவள் தலை அலசி, முகம் மழிப்பாள். தொலைக்காட்சி பின்சுவரில் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தபடி வேலை செய்கிறவருக்கு வேறு வழியில்லை. ஒரு வாழ்நாள் தொடர்களை அவர் இடவலம் மாறித்தான் பார்த்தார். கிமோனோ உடையில் இடப்புற மடிப்பு மேலே வர வேண்டும். பிணத்துக்கு மட்டும் வலப்புறத்தை மேலே போட்டு உடுத்துவார்கள். "என் கண்ணாடியில எல்லா கதாநாயகியும் செத்தவங்கதான். இருந்தும் என்னமா வாயாடறாளுங்க!" என்பார். ஜூன் மாதம் கடையை மூடி ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் நாமியை நேராகப் பார்த்தார். "அட, மச்சம் இந்தப் பக்கமா இருக்கு!" என்று ஒரு நாள் முழுக்க வியந்தார்.

சுமியே காமிக்ஸ்காரி. மீன் ஆலையிலிருந்து அம்மா திரும்பும்வரை வாடகைப் புத்தகக் கடையில் உட்கார்ந்து படித்து வளர்ந்தவள். செத்தவனைக் காமிக்ஸில் வரைய மாட்டார்கள், காலி நாற்காலிக்கு ஒரு கட்டம் ஒதுக்குவார்கள், அதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது படிக்கிறவர் இஷ்டம் என்பது அவள் கட்சி. தொடரில் அழுது முடிக்க வேண்டிய நேரத்தைக்கூட அவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். "உன் புஸ்தகத்துல ஒருத்தரும் மூச்சு விடறதில்ல" என்பார் இசாமு. சினிமாவைப் பற்றி மட்டும் சண்டை வந்ததில்லை. "சினிமா நல்லது. உட்கார்ந்தா முடிவைப் பார்த்துட்டுத்தான் எழுந்திருப்போம். தொடருக்கு ஆயுசு வேணும்." கடையில் இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள்.

பாதித் தொடர்கள் காமிக்ஸிலிருந்து எடுத்தவை. சுமியே முன்பே படித்திருப்பாள். அதனால் இசாமு தூரிகையால் எழுதிச் சுவரில் ஒரு பலகை மாட்டினார்: முடிவைச் சொல்பவருக்குப் பாதி முகம் மட்டுமே மழிக்கப்படும். தபால்காரர் ஒருவர் விளையாட்டென்று நினைத்துச் சொல்லிவிட்டார். பாதி முகத்தோடுதான் தபால் பட்டுவாடா செய்தார். மறுநாள் வந்து, வாயைத் திறக்காமல், மீதியை மழித்துக்கொண்டு போனார்.

சுமியே கட்டிலைச் சுற்றி வந்து வலது கன்னத்தில் நுரை போட்டாள்.

"சுமியே, நாமியோட அண்ணன் வர்றானா?"

தூரிகை நின்றது. "கடைச் சட்டம்" என்றாள்.

"கடைய மூடியாச்சே."

"பலகை இன்னும் தொங்குது. செப்டம்பர் கடைசில முடியப்போகுது, நீங்களே பாருங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. செப்டம்பரைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று டாக்டர் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். இசாமு கூரையைப் பார்த்தார்.

"சொல்லும்மா."

முடிவைச் சொன்னால், உங்களுக்குச் செப்டம்பர் கிடையாது என்று அவளே தன் வாயால் சொன்னதாகும். சொல்லாவிட்டால் தெரியாமலே போய்விடுவார். நுரை போட்ட இடத்திலேயே மறுபடியும் நுரை போட்டாள்.

"வர்றான்" என்றாள். "நல்ல மழை. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து, சோறு ஆறிப்போச்சான்னு கேக்கறான்."

இசாமு சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது.

"நல்லாத்தான் எழுதறே. வயலின் எந்த இடத்துல?"

"என்ன சொல்றீங்க?"

"இந்தக் கதையோட கடைசிப் புஸ்தகத்த நீ படிச்ச அன்னிக்கு நான் தாடி வாத்தியாருக்கு முடி வெட்டிக்கிட்டிருந்தேன். நீ துண்டு மடிக்கிற மேஜையில இருந்தே. புஸ்தகத்த மூடினே. ஒரு துண்டை எடுத்து அதுல மூஞ்சிய வெச்சுக்கிட்டே. கண்ணாடியில எல்லாம் தெரியும் சுமியே. அண்ணன் வந்திருந்தா நீ எதுக்கு அழணும்?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நாளா கேக்கவே இல்லையே."

"கேட்டா முடிவு தெரிஞ்சுபோயிடுமே."

அவள் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"வரல" என்றாள்.

"ம்."

"படகும் வரல, சேதியும் வரல. அவ கிழவியாயிடறா. கடைசிக் கட்டத்துல ஆளே இல்ல. கிண்ணம் மட்டும். மேல ஆவிக்குச் சன்னமா கோடு போட்டிருக்கு."

"அப்போ, அவ வைக்கறத நிறுத்தல."

"நிறுத்தல."

"அது போதும்" என்றார்.

பக்கத்துத் திரை படாரென்று விலகியது. அடுத்த கட்டில் குராதா. லாரி ஓட்டியவர், குரல் இன்னும் நெடுஞ்சாலையிலேயே இருந்தது.

"அடப்பாவிகளா! ஏப்ரல்லேர்ந்து பாக்கறேன் நான்!"

"காதுல மாட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள் சுமியே.

"முடிஞ்சதும் கழட்டிட்டேன்மா! அந்தப் படுபாவி வரவே மாட்டானா? அவனுக்காகத்தான் இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியையே குடிச்சுக்கிட்டிருக்கேன். மாஸ்டர், உங்க கடையில இதுக்கு என்ன தண்டனை?"

"பாதி முகம்."

"அம்மாவுக்குத் தாடி இல்லையே."

"கேட்டது நான். அவ தண்டனைய நான் வாங்கிக்கறேன்" என்றார் இசாமு. "சுமியே, கத்திய மடி."

"நுரை போட்டாச்சுங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"தொடச்சுடு. வலது கன்னம் நாளைக்கு."

"தீர்ப்புன்னா இது தீர்ப்பு" என்று குராதா திரையை இழுத்துக்கொண்டார்.

சுமியே நுரையைத் துடைத்தாள். அதன் கீழே நரைத்த முடி அப்படியே இருந்தது. இசாமு அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டிவிக்காரன் அப்படி விடமாட்டான், பாரேன். மழையப் போட்டு, வயலினப் போட்டு, அண்ணனக் கூட்டிக்கிட்டு வந்துடுவான். பந்தயம்."

"என்ன பந்தயம்?"

"நீ பார்த்துச் சொல்லு."

மதியம் ஒரு முறை இரண்டு கன்னங்களையும் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிறகு தூங்கினார். மாலையில் அவள் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியுமுன் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். அவள் போவதற்குள் முடிந்திருந்தது. உடம்பைத் துடைக்க வந்த நர்ஸ், முகத்தையும் தானே மழித்துவிடுவதாகச் சொன்னாள். சுமியே வேண்டாம் என்றாள். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து வலது கன்னத்தில் வைத்தாள். நுரை போட்டாள். காதோரத்திலிருந்து மோவாய்வரை மழித்தாள். தசை துள்ளவில்லை. நர்ஸ் வெள்ளை உடையை வலப்புறம் மேலே வரும்படி போட்டுக் கட்டினாள். தொலைக்காட்சி அட்டையில் இன்னும் நேரம் மிச்சமிருந்தது. சுமியே அதைக் குராதாவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். உடலைக் கொண்டுபோகும் வண்டி வரும்வரை கீழ்த்தளத்தில் உட்காரச் சொன்னார்கள். அங்கேயும் ஒரு தொலைக்காட்சி இருந்தது. எட்டு மணிக்குத் தொடர் ஓடியது. நாமி கிண்ணம் வைத்தாள். அன்று அண்ணன் வரவில்லை.