சிட்லபாக்கம் ஏரியில் நீலம் கொட்டியது யார்?

இன்று காலை ஏரியில் பச்சைப் பாசி ஏடாகப் படிந்திருந்த ஓரம் முழுக்கப் பளீரென்று நீலம்!

"யாரோ பெயிண்ட் கொட்டிட்டாங்க" என்று எங்கள் வாக்கிங் குரூப்பில் போட்டோ வந்தது. உடனே எல்லோரும் கரையோரம் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பஷீர் பாயைச் சூழ்ந்துகொண்டார்கள். புகார் டைப் செய்தாயிற்று, அனுப்புவதுதான் பாக்கி.

"நான் கொட்டல சார். இந்த ஷேடு என்கிட்ட கிடையவே கிடையாது" என்றார் பாய்.

நான் கெமிஸ்ட்ரி டீச்சர். சும்மா இருப்பேனா? அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் மொண்டு, மர நிழலில் வைத்து, பக்கவாட்டில் மொபைல் டார்ச் அடித்தேன்.

நீலத் தண்ணீர் சிவப்பாக ஒளிர்ந்தது! குரூப்பைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சார், சாதா பெயிண்ட் இப்படிச் சிவப்பா ஒளிராது. இது பெயிண்ட் இல்ல, ஃபைகோசயனின். நீலப்பச்சைப் பாசிக்குள்ள இருக்கிற நிறமி. பாசியோட பச்சை நிறமி தண்ணில கரையாது, இந்த நீலம் கரையும். பாசி சாகும்போது அது வெளிய கசியுது."

புகாரை அழித்தார்கள். மன்னிப்பு மட்டும் யாரும் டைப் செய்யவில்லை.

பாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், சூப்பர் கலரு! கம்பெனில சொல்லி வரவைக்கிறேன். ஒரு பேர் சொல்லுங்க."

கமெண்ட்டில் பெயர் போடுங்கள். புகார் டைப் செய்தவர்களுக்கு முன்னுரிமை.