அக்கட்டால திரும்பிக்குங்க அண்ணி

அக்சிலியாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று மல்லசமுத்திரம் கடைவீதியில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட அவளுடைய கொழுந்தன் வின்சென்ட்டுக்காகக் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு அரை நாள் காத்துக்கிடந்தவர் இல்லை. கிடந்திருந்தால் தெரிந்திருக்கும், அந்த மூக்கு ஏன் சிவக்கிறதென்று.

சேலத்தில் பிறந்து, நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஆரோக்கியசாமிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டாள். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ஜனங்கள் வருவது அவளுடைய தட்டச்சுக்காக. காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம், தாலுகா ஆபீசுக்கு மனு, அந்தோணியார் தேர்த் திருவிழா நோட்டீஸ் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் மாதிரி இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும், கையில் கொடுத்துவிடுவாள். எல்லாம் அவளே வார்த்தை வார்த்தையாகச் சேர்த்தவை.

வின்சென்ட் நாலு கடை தள்ளி செல்போன் கடை வைத்திருந்தான். லாரிக்காரர்களுக்கும் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்கும் பென்டிரைவில் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுப்பது அவன் தொழில். கம்ப்யூட்டர் சர்வீஸும் தெரியும் என்று ஊரில் பேர். அந்தப் பேரை யார் கொடுத்தார்களோ தெரியாது, அவனே கொடுத்துக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும்.

அக்சிலியாவின் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். போன் போட்டால், "இதா வாரேனுங்க அண்ணி" என்பான். பொழுது சாய்ந்தால் வருவான். தலைவலியோ கால்வலியோ, எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே மருந்து: மொத்தமாகத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது.

"நான் அடிச்சு வெச்சதெல்லாம்?"

"உசுரு போன மிசினுங்க அண்ணி. உள்ள இருந்ததும் கூடவே போயிருச்சுங்க."

கடைசியில் பாஸ்வேர்டு போடும்போது தவறாமல் ஒன்று சொல்வான். "கொஞ்சம் அக்கட்டால திரும்பிக்குங்க அண்ணி." அவளுடைய கடையில், அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வான். அந்த பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு பிரிண்டரைக்கூட அவளால் சேர்க்க முடியாது. எனக்குத் தெரிந்தால் என்ன என்று கேட்டதற்கு, "நீங்க எதையாச்சும் அமுக்கிப்போடுவீங்க" என்றான். ஒவ்வொரு தடவையும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அப்புறம் மாதிரிகளை எல்லாம் முதலிலிருந்து அடித்தாள். இதுவரை மூன்று தடவை.

நாலாவது தடவையாகக் கம்ப்யூட்டர் படுத்தபோது, ஆத்தாயி வந்து நின்று அடிக்கச் சொன்ன மனு பாதியில் இருந்தது. முதியோர் உதவித்தொகைக்கான மனு. "நாளைக்கு வா ஆத்தா" என்று அந்தக் கிழவியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. வெயிலில் அவள் குடையில்லாமல் திரும்பிப் போவதைப் பார்த்ததும் அக்சிலியா முடிவு செய்தாள். இனி இந்தக் கடை வின்சென்ட்டுக்காகக் காத்திருக்காது.

அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிற தங்கை வினோலியா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடு, இலவசம், தமிழும் அடிக்கலாம், நீயே ஏற்றிக்கொள்ளலாம் என்று. அக்சிலியா செய்த ஒரே தப்பு, கடையில் பெரிய நெட் வைத்திருக்கிறானே என்று அதை இறக்கித் தரச் சொல்லி வின்சென்ட்டிடமே தன் பென்டிரைவைக் கொடுத்ததுதான். சாயங்காலம் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். சொருகினாள். கம்ப்யூட்டர் கருப்புத் திரையைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

மறுநாள் டீக்கடையில் எல்லோருக்கும் சேதி தெரிந்திருந்தது. அண்ணி என்னமோ லினக்ஸாம், ஓசிச் சாமான், ஓடவே இல்லையாம். சொன்னது யாரென்று விசாரிக்க வேண்டியதில்லை.

அக்சிலியா அந்தப் பென்டிரைவைத் தன் போனில் மாட்டித் திறந்து பார்த்தாள். உள்ளே இரண்டு துண்டுகள். பார்ட் ஒன்று, பார்ட் இரண்டு. நேரே அவன் கடைக்குப் போனாள்.

"ஏண்டா, சினிமாப் படத்துக்கு இன்டர்வெல் உடறாப்புல இதையும் ரெண்டாக் கிழிச்சு வெச்சிருக்கற?"

"பெரிய ஃபைலுங்க அண்ணி. நாலு ஜிபிக்கு மேல போனா லாரி செட்டுல ஏறாதுங்க. நாங்க எல்லாத்தையும் வெட்டித்தானுங்க ஏத்தறது."

"என்ற கம்ப்யூட்டரு லாரியாடா?"

கடையில் நின்றிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். வின்சென்ட்டும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பழக்க தோஷத்தில் வெட்டினான், சரி, மன்னித்துத் தொலைக்கலாம். வெட்டியது தான் என்று தெரிந்த பிறகும் பல்லைக் காட்டுகிறானே!

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினாள். வினோலியா வீட்டு வைஃபையில் தன் போனிலேயே கோப்பை முழுசாக இறக்கினாள். வெறுமனே காப்பி பண்ணினால் ஆகாது, இதைப் பென்டிரைவில் எழுதத் தனிச் செயலி வேண்டும் என்று தங்கை அதையும் போனில் போட்டுக் கொடுத்தாள். "வெட்டுனது மட்டுமில்லக்கா, எழுதவும் இல்ல உன் கொழுந்தன். முழுசா இருந்திருந்தாலும் ஓடியிருக்காது" என்றாள். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க, இணையப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வரி ஒன்று போட்டிருந்தார்கள். இறங்கிய கோப்பைக் கணக்கிட்டால் அதே வரி வர வேண்டும்.

ஊர் திரும்பியதும் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டாள். ஒரு முறை காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய்ப் பெரிய ரகளையானதிலிருந்து அவள் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் ஒத்துப்பார்க்காமல் எதுவும் வெளியே போகாது.

"ஏனுங்க, நீங்க படிங்க, நான் பாக்கறேன்."

"அதான் ஒண்ணுபோலத்தான் இருக்குதே."

"படிங்கங்கறேன்!"

அவர் படித்தார். ஏழு, சி, மூணு, எஃப், எஃப். நடுவில் நிறுத்தி, "அர்த்தமே இல்லாத பத்திரிகைக்கு ப்ரூப் பாக்கற ஆளு நாட்டுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்றார். கடைசி எழுத்துவரை ஒத்துப்போனது. வின்சென்ட்டின் பார்ட் ஒன்றும் பார்ட் இரண்டும் கிடந்த அதே பென்டிரைவில் எழுதச் சொல்லிப் போனை அமுக்கினாள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவள் எதற்குமே சம்மதித்ததில்லை.

திங்கட்கிழமை கடையில் பென்டிரைவைச் சொருகி கம்ப்யூட்டரை எழுப்பினாள். திரை வெளிச்சமானது. கம்ப்யூட்டரில் இன்னும் எதையும் ஏற்றவில்லை, லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க்கின் படம் தெரிந்தது. சும்மா அதைத் தட்டினாள்.

உள்ளே எல்லாம் இருந்தது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஆத்தாயியின் பாதி மனு, தேர்த் திருவிழா நோட்டீஸ். உயிர் போன கம்ப்யூட்டருக்குள் ஒரு எழுத்துகூடச் சாகவில்லை.

அப்படியானால் போன தடவையும் இருந்திருக்கும். அதற்கு முந்தின தடவையும். ஒரு பென்டிரைவை மாட்டித் திறந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கச் சோம்பல்பட்டு, போயிருச்சுங்க என்று சொல்லிவிட்டுத் துடைத்திருக்கிறான். மூன்று தடவை கழுத்து நோக, கண்ணெரிய அவள் மறுபடி அடித்ததெல்லாம் அவனுடைய சோம்பலுக்குக் கட்டிய தண்டம். அழுகை வந்தது. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று அழாமல் இருந்தாள். எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டுதான் ஏற்றும் பொத்தானை அமுக்கினாள்.

ஆரோக்கியசாமி தம்பிக்குப் போன் பண்ணிவிட்டார் போலிருக்கிறது. அதிசயமாக வின்சென்ட் உடனே வந்தான்.

"தள்ளுங்க அண்ணி, நான் பாக்கறேன்."

"போயிருச்சுன்னு சொன்னியே, இதென்னடா?" என்று எடுத்துவைத்த கோப்புகளைத் திறந்து காட்டினாள். அவன் பார்த்தான். முகம் தொங்கிப்போனது.

"அது வந்துங்க அண்ணி... அப்படித்தான் எல்லாரும்..."

"மூணு தடவ அடிச்சேன்டா. மூணு தடவ!"

கடை வாசலில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். அப்போது திரை, உங்கள் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. பழக்கத்தில் வின்சென்ட்டின் கை கீபோர்டை நோக்கிப் போனது.

அக்சிலியா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெயரை அடித்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"வின்சென்ட்டு, கொஞ்சம் அக்கட்டால திரும்பிக்க."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவள் அவசரப்படாமல் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.