படம் எடுக்கிறவள்

ஒரகடத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை எனக்கு. இரண்டு வருட டிப்ளமோ. குன்றத்தூரில் எங்கள் தெருவே என்னை டாக்டரம்மா என்று கிண்டல் செய்யும். படம் எடுப்பதோடு என் படிப்பு முடிந்தது. அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல எம்.டி. படித்த டாக்டர் வேண்டும். அவர் சாயங்காலம் வந்து மொத்தமாகப் பார்ப்பார்.

கம்பெனியில் சேரும் முன் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். வேன் வேனாகப் பையன்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். கான்ட்ராக்டர் கொடுத்த பட்டியலில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து வருகிறவன்தான் அந்தப் பெயருக்கு உரியவன். யாரும் சரிபார்க்க மாட்டோம்.

அப்படி வந்த ஒருவனின் படத்தில், வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. எத்தனை படம் பார்த்திருப்பேன், எனக்குத் தெரியாதா? அவன் சட்டையை மாட்டிக்கொண்டே, "நல்லா இருக்காக்கா?" என்றான்.

"டாக்டர்தான் சொல்லணும்பா."

சிரித்துவிட்டுப் போனான். டிபியாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதினார். கம்பெனி வேலை இல்லை என்றது.

மூன்றாம் நாள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவன் வந்து நின்றான். தெற்கத்திப் பையன். சின்ன வயதில் டிபி வந்து குணமானவன். நுரையீரலில் இருக்கும் பழைய தழும்பு படத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, ஏற்கெனவே வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கும் ரூம்மேட்டைத் தன் பெயரில் அனுப்பியதாக அவனே சொன்னான்.

"அவனுக்கு ஒண்ணும் கிடையாதுக்கா. கல்லு மாதிரி இருக்கான். ரிப்போர்ட்ட மாத்திட்டீங்க."

அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "மாறலப்பா. அவனுக்குத்தான் நோவு கீது. இட்டுகினு வா, டாக்டராண்ட காட்டலாம்."

"நீங்க டாக்டராக்கா?"

இல்லை என்றேன்.

"ரெண்டு பேரு வேலைக்கும் உல வைக்கப் பாக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வாசல் வரை ஓடினேன். சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போயே போய்விட்டான். படிவத்தில் இருந்த நம்பருக்கு நாலைந்து நாள் அடித்தேன். எடுக்கவே இல்லை. டாக்டரிடம் சொன்னால், "ஆளைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

எங்கே போய்க் கூட்டிவர? அந்தப் பக்கம் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் பையன்கள் கொஞ்சமா? அன்று சிரித்துவிட்டுப் போனவனின் நெஞ்சுக்குள் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவன் பெயர் எனக்குத் தெரியாது.