புல் மருந்தில் ஊறிய கம்பளி

எனக்கு மழை பிடிக்காது. மலைநாட்டில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிளாக்கராக இருந்த வருடங்களில், நன்றாக வெயில் அடித்த நாட்கள் எவை என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றிரண்டுதான் ஞாபகம் வருகின்றன. மற்றதெல்லாம் ஈரம். சட்டை ஈரம், விறகு ஈரம், தீப்பெட்டி ஈரம். உர மூட்டைகளுக்கும் கவ்வாத்துக் கத்திகளுக்கும் காவல் இருப்பது என் வேலை. தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து கொஞ்சம் இங்கிலீசு படித்ததால் கிடைத்த நாற்காலி அது. அதில் உட்கார்ந்த நாளிலிருந்து பங்களாக்காரர்களுக்கும் நான் ஆளில்லை, லயத்துக்காரர்களுக்கும் ஆளில்லை. ஆனாலும் அந்த நாற்காலியை விட மனசு வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

ஐம்பதுகளின் கடைசிப் பக்கம், புல்லைக் கருக்கும் புல் மருந்து வந்தது. மலைகளில் புல் ஏறிக்கிடந்தது, சுரண்டி எடுக்க ஆள் போதவில்லை. கொழும்பிலிருந்து லொறியில் இரும்புப் பீப்பாய்கள் வந்து இறங்கின. திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று கல்லுப்பு மாதிரி ஒரு உப்பு. பீப்பாய் மேல் ஒட்டியிருந்த இங்கிலீசுக் காகிதத்தை மூன்று தரம் படித்தேன். இந்த உப்பு தானாக எரியாது. ஆனால் மரம், சாக்கு, துணி, கந்தகம், எண்ணெய் எதில் சேர்ந்தாலும் அதைத் தீக்குத் தயாராக்கிவிடும். மருந்துத் தண்ணீர் பட்ட துணியைக் காயவிடாமல் உடனே அலச வேண்டும். காய்ந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

நான் பயந்த சுபாவம். அதனால் காகிதத்தில் இருந்ததை ஒன்று விடாமல் செய்தேன். சிமெந்துத் தரை போட்ட ஒரு அறையைக் காலி செய்து பீப்பாய்களை அங்கே வைத்தேன். மண்ணெண்ணெயையும் கந்தகத்தையும் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டேன். மரக் கரண்டியை எறிந்துவிட்டுத் தகரக் கரண்டி வாங்கினேன். தரையில் சிந்தியதை விளக்குமாற்றால் கூட்டவிடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வைத்தேன். பீடியோடு வந்த கங்காணியை வாசலிலேயே நிறுத்தி ஏசினேன். 'கிளாக்கருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு' என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். என் ஸ்டோரில் கடைசிவரை ஒரு பொட்டுத் தீ விழவில்லை.

மருந்து அடிக்க நாலு பேரைப் பிரித்தார்கள். அவர்களில் மருந்து கலக்குகிறவர் நான் பிறந்த லயத்துக்காரர், எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பரா. லயத்தில் பார்த்தால் அவரை 'அண்ணே' என்பேன். ஆபீசில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் பார்த்தால் 'நீ' என்பேன். அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். கொழுந்து எடுப்பதில் அந்த மலையில் மதினிக்கு ஈடில்லை. இரண்டு கையும் ஒன்றையொன்று பார்க்காமலே வேலை செய்யும்.

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் துரை என்னைக் கூப்பிட்டு, காகிதத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லி நாலு பேரிடமும் கைநாட்டு வாங்கச் சொன்னார். சொன்னேன். மருந்து கலக்குகிறவர் சிரித்தார்.

"உப்பு எப்படிங்க தீப்புடிக்கும்? திருஷ்டி கழிச்சு அடுப்புல போட்டா படபடன்னு வெடிச்சுட்டு அடங்கிரும். அம்புட்டுதான?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சாக்குத் துண்டை மருந்துத் தண்ணீரில் முக்கி, காயவைத்து, மறுநாள் பெரட்டில் அவர்கள் கண் முன்னால் ஒரு தீக்குச்சியைக் காட்டினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். கீழே போடுவதற்குள் துண்டு முழுசும் போய்விட்டது. என் புறங்கை மயிர் பொசுங்கி நாறியது. யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள்.

ஆக, தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். வார்ப்பட்டை தோளை அறுக்கும். அதனால் நாலு பேரும் கம்பளியை நாலாக மடித்து டாங்கிக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் கம்பளி என்பது ஒரு சாமான் இல்லை, நாலு சாமான். மலையில் தலைக்கு மேல் போட்டால் குடை. தோளில் போட்டால் சும்மாடு. வீட்டில் விரித்தால் பாய், பிள்ளைகளுக்குப் போர்வை. ஆளுக்கு ஒன்றுதான் இருக்கும். டாங்கிகள் எல்லாம் மூட்டு வழியாகக் கசியும். சாயங்காலம் பார்த்தால் கம்பளி மருந்தில் ஊறிக் கனத்துக் கிடக்கும்.

ஒருநாள் வேலை விட்ட நேரத்தில் லயத்துப் பக்கம் போனேன். மதினி கூப்பிட்டுப் பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தார். குடித்துக்கொண்டே நிமிர்ந்தால், அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் அந்தக் கம்பளி தொங்குகிறது. மழைக்காலத்தில் எல்லாக் காம்பராவிலும் ஈரத் துணி அங்கேதான் காயும். அதைவிட்டால் காய இடம் கிடையாது.

"என்ன மதினி இது? அன்னைக்கு அத்தனை தூரம் கொளுத்திக் காட்டினேனே!" என்று கத்தினேன்.

"வேற எங்க தம்பி போடுறது? அந்த மருந்துக்குன்னு ஒரு ரூமே குடுத்திருக்கீங்களாமே. இந்தக் கம்பளிக்கும் ஒண்ணு குடுங்க" என்று சிரித்தார்.

"பீலித் தண்ணியில அலசிட்டாவது போடலாம்ல?"

இதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் பதில் சொன்னார். "அலசுனா காய மூணு நாளாகும். மூணு நாளும் மலையில எதப் போட்டுக்கிட்டு நிக்கிறது? புள்ளைங்களுக்கு எதப் போத்துறது? நீங்கதான் தொரைகிட்ட பேசுறவங்க. இதக் காயப்போட வேற ஒரு எடம் கேட்டுச் சொல்லுங்களேன்."

"நாளைக்குக் கேட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

கேட்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபேக்டரியில் அடுப்புச் சுவர் ஒன்று எப்போதும் கதகதப்பாக இருக்கும். வேலை விடுவதற்கு அரை மணி முன்னால் ஆட்களை இறக்கி, கம்பளிகளை நன்றாக அலசி, அந்தச் சுவரின் வெளிப்பக்கம் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கம்பளி வாடை தேயிலைத் தூளில் ஏறினால் கொழும்பில் என் மானம் போகும். துரை சொன்னால் செய்கிறேன், நீ சொன்னால் செய்ய மாட்டேன்" என்றார். சரிதான், துரையிடம்தான் போக வேண்டும். ஆபீஸ் வாசல் வரை இரண்டு நாள் போனேன். முதல் நாள் அவர் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நாலு கம்பளிக்காகத் துரை முன்னால் போய் நிற்பதா என்றும் ஓர் அலுப்பு. அப்புறம் உர லொறி வந்தது, அந்த வேலை, இந்த வேலை. நாளைக்கு நாளைக்கு என்றே ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு பிற்பகல் லயத்திலிருந்து ஆள் ஓடிவந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கம்பளி என்று ஒன்று அங்கே இல்லை. கம்பி மட்டும் இருந்தது. அரைநாள் வேலை முடிந்து வந்த மதினி, தண்ணீர் கொதிக்க வைக்க ஈர விறகை ஊதியிருக்கிறார். அன்று மருந்து அடிப்பு இல்லாததால் முந்தின நாள் ஊறிய கம்பளி கம்பியிலேயே நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு பொறி மேலே போயிருக்கிறது. கீழே அடுப்போரம் இரண்டு பிள்ளைகள் குளிர் காய்ந்துகொண்டிருந்தன. மதினி வெளியே ஓடியிருக்கலாம். ஓடாமல் இரண்டு கையாலும் எரிகிற கம்பளியைப் பிடித்து இழுத்து வாசலில் போட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்து டாக்டர் ஐயா மருந்து தடவித் துணி சுற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு லொறியில் அனுப்பினார். நான் லொறியில் ஏறவில்லை. ஸ்டோரைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

வாரக்கணக்கில் கழித்து மதினி வந்தார். வலது கையில் மூன்று விரல் ஒட்டிப்போயிருந்தன. இடது கை மடங்கவில்லை. கொழுந்தை இரண்டு விரலால் கிள்ள வேண்டும், அந்தக் கைகளால் ஒரு காம்பைக் கூடக் கிள்ள முடியாது.

அண்ணன் ஆபீசுக்கு வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மனைவியின் பேரைத் தோட்டத்திலிருந்து வெட்டாமல், பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை கொடுக்க வேண்டும். நான் துரையின் மேசைக்குப் பக்கத்தில், இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்றேன்.

துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் பேசினார். தோட்டத்தின் மேல் தவறு இருந்தால் கட்டாயம் வேலை கொடுக்கிறேன் என்றார். சொன்னதைக் கேட்காமல் இவனே இழுத்துவைத்துக்கொண்டது என்றால் கொடுக்க முடியாது, நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றார். கைநாட்டுக் காகிதத்தை எடுக்கச் சொன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"எச்சரித்தார்களா இல்லையா என்று கேள்."

"புல் மருந்து பட்ட துணியை அடுப்புக்கிட்ட போடாதேன்னு ஒனக்குச் சொன்னமா இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் துரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சொன்னீங்கய்யா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். சாக்கக் கொளுத்தியும் காட்டுனீங்க. ஆனா அலசுனா காயாதுன்னு நாங்களும் சொன்னோம். காயப்போட வேற எடம் கேட்டோம். நாளைக்குத் தொரைகிட்ட கேட்டுச் சொல்றேன்னீங்க. அதையும் தொரைகிட்ட சொல்லுங்கய்யா."

அதைச் சொன்னால், ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை என்று துரை என்னைக் கேட்பார். நாற்காலி போகும். சொல்லாவிட்டால் மதினிக்கு வேலை போகும். யோசிக்க நேரம் இல்லை என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய், நேரம் நிறைய இருந்தது.

"இத்தனை நீளமாக என்ன சொல்கிறான்?" என்று துரை கேட்டார்.

"எச்சரித்ததை ஒப்புக்கொள்கிறான், சேர்."

துரை காகிதத்தை மடித்தார். அண்ணனுக்கு இங்கிலீசு ஒரு சொல் தெரியாது. ஆனால் தான் எவ்வளவு பேசினோம், நான் எவ்வளவு சொன்னேன் என்று காதால் அளந்துவிட்டார்.

"அம்புட்டுதானாங்கய்யா?" என்று கேட்டார்.

"அம்புட்டுதான். போ" என்றேன்.