காகிதக் குழாய்ப் பாட்டும் என் பாப்பாவும்

இன்று ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி அக்கா உட்கார்ந்தார். பையில் மருந்து அடைக்காத காகிதக் குழாய்கள் நாலைந்து.

நெட்டையும் குட்டையுமாக வரிசையில் பிடித்து, அடியை உள்ளங்கையால் பொத்தி, தாலாட்டு ஊதினார். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்காமல் நின்று கேட்டார்.

என் மடியில் நின்று ஜன்னலைப் பார்த்த பாப்பா மட்டும் திரும்பவில்லை. ஒன்றரை வயது அவளுக்கு.

"பிள்ளைக்கு என் பாட்டு பிடிக்கலை போல," என்று சிரித்தார்.

"அவ அப்படித்தான்க்கா. பக்கத்துல வெடி வெடிச்சாலும் அசைய மாட்டா. தைரியசாலின்னு தெருவே சொல்லும்," என்றேன், பெருமையாக.

அவர் சிரிப்பை நிறுத்தினார். பாப்பாவின் முதுகுக்குப் பின்னால் குழாயைப் பிடித்து ஓங்கி ஊதினார். முன்சீட்டுக்காரர் துள்ளித் திரும்பினார். பாப்பா வெளியே ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தைரியம் வேற, தாயி. காது கேக்குதான்னு பாத்தீகளா?"

வீட்டுக்கு வந்து அவள் பின்னால் நின்று தட்டு, டம்ளர், சாவிக்கொத்து எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு முறை திரும்பினாள். இரண்டு முறையும் என் நிழல் அவள்மேல் விழுந்திருந்தது.

மதுரையில் குழந்தைகளுக்குக் காது பார்க்கும் நல்ல டாக்டர் தெரிந்தால் சொல்லுங்கள். 'சில பிள்ளைக அப்படித்தான், சரியாயிரும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.