இடப்பக்கம் பேக்கரி

சர்க்கரை என்று அவனுக்குப் பெயர் வைத்தவர் பஸ் டிரைவர். உடம்பில் சர்க்கரை கிடையாது, வாயில்தான். ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நகரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் பஸ் அது. கூரை இல்லாத மேல்மாடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் வேலை. அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தால், "உங்களுக்காக இன்னும் அழகாக்கிக்கிட்டு இருக்காங்க" என்பான். ஆற்றில் நாற்றம் அடித்தால், "படத்துல பார்த்தா இந்த வாசனை வருமாங்க?" என்பான். மழை கொட்டினால், நனைந்த பாலத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கெட்ட செய்தியைக் கெட்ட செய்தியாகச் சொல்ல அவன் நாக்கு வளையாது. பல வருஷமாக வளைந்ததில்லை.

மற்றபடி நல்லவன். காலையில் போனால் பூச்சந்தை, வெயில் ஏறுவதற்குள் மணிக்கூண்டின் உச்சி, மத்தியானம் படகு, சாயங்காலம் பழைய பாலத்தில் சுட்ட சோளம் என்று யாருக்கு எது பிடிக்கும் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். கைக்குழந்தைக்காரர்களை மணிக்கூண்டில் ஏற விடமாட்டான். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைப் படகில் கடைசி வரிசையில் உட்காரச் சொல்வான். இப்படி ஊரான் வீட்டு ஜோடிகளை எல்லாம் சந்தோஷப்படுத்தி அனுப்பியவனுக்கு, சொந்த அக்கா வந்து இறங்கியபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாகக் கிளம்பி வந்திருந்தாள். இரண்டு நாள் ஊர் சுற்றிப் பார்க்க என்று அத்தானிடம் சொல்லியிருந்தாள். "போய்ட்டு வா. ஆனா அந்தப் பய இருக்கற பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூடாது" என்று அத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பய என்பது அவர்கள் பெற்ற ஒரே பிள்ளை.

"உண்மையைச் சொல்லுக்கா, எதையெல்லாம் பார்க்கணும்?" என்று சர்க்கரை கேட்டான்.

"அவனைத்தான்டா. வேற எனக்கு என்ன பார்க்கக் கிடக்கு?"

அவன் இருக்கும் இடம் சர்க்கரைக்குத் தெரியாதா என்ன? பஸ் பாதையிலேயே இருந்தது. நீரூற்றுப் பூங்காவுக்கு எதிரே, இடதுகைப் பக்கம், அக்கா பிள்ளையான மருமகனின் பேக்கரி. அந்த நிறுத்தத்தில் பஸ் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும், ஆட்கள் இறங்கிச் சாப்பிடட்டும் என்று. சர்க்கரை தினமும் மைக்கில், "இடப்பக்கம் பாருங்க, ஊரிலேயே நல்ல பன் இங்கதான்" என்று சொல்வான். அதில் மட்டும் பொய் கிடையாது. எள் தூவிய பன், உள்ளே வெண்ணெய், வெளியே மொறுமொறுப்பு. எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் தின்றுவிட்டு விரலை நக்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள். பெற்றவள் மட்டும் அதன் ருசி அறியாதவள்.

சண்டை நடந்து நாலு வருஷம் இருக்கும். அத்தானுக்கு இரும்புக்கடை. பையன் அதில் உட்கார வேண்டும் என்பது அவர் முடிவு. பையனோ மாவு பிசையக் கற்றுக்கொண்டு வந்து நின்றான். "ஆம்பளைப் புள்ள அடுப்படி வேலைக்குப் போறதா?" என்று அவர் குதித்தார். "உங்க கடையில இரும்பைவிட நீங்கதாம்பா கனம்" என்று இவன் சொல்லித் தொலைத்தான். அவ்வளவுதான், துணிமணியெல்லாம் தெருவில் பறந்தது. இனி எனக்குப் பிள்ளையே கிடையாது என்று அத்தான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அந்த நேரத்தில் பையன் அம்மாவைப் பார்த்தான். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் பார்ப்பதைப் பார்த்ததும், "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுப்பில் பால் இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

முதல் நாள் முழுக்க அக்கா பஸ்ஸை விட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். மேல்மாடியில் இடதுபக்க ஜன்னலோரம், ஜன்னல் இல்லாத ஜன்னலோரம், ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றைத் தொடங்கும், இவள் அசையமாட்டாள். பேக்கரி வரும்போது மட்டும் கழுத்து நீளும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு போவான், யாருக்கோ சில்லறை கொடுப்பான், நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொள்வான். "இளைச்சுட்டான்டா" என்பாள் ஒரு சுற்றில். "இல்ல, பூசினாப்பல இருக்கான்" என்பாள் அடுத்த சுற்றில்.

"இறங்கிப் போயேன்க்கா. பத்தடி தூரம்."

"போனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போயிடுவான். இங்க இருந்தா பார்த்துக்கிட்டாவது இருக்கலாம்."

நடுநடுவே அத்தானிடமிருந்து போன். எங்கே, படம் அனுப்பு, எதைப் பார்த்தாய், என்ன சாப்பிட்டாய்? மனுஷன் பாவம், பெண்டாட்டி சந்தோஷமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரோ என்னவோ. ஆனால் கேட்கிற விதம் போலீஸ் கேட்கிற விதம். அதனால் போன் வந்தால் மட்டும் அடுத்த நிறுத்தத்தில் சர்க்கரை அக்காவை இழுத்துக்கொண்டு ஓடி, மணிக்கூண்டு முன்னால் ஒரு படம், படகுத்துறையில் ஒரு படம், பூச்சந்தையில் யாரோ ஒருத்தியின் கூடையைக் கையில் கொடுத்து ஒரு படம் என்று எடுத்துத் தள்ளினான். ஐஸ்கிரீம் வாங்கி நீட்டி, "சிரிக்கா" என்பான். அவள் சிரிப்பாள். படம் எடுத்ததும் ஐஸ்கிரீமை அவனிடமே கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பார்த்து ஓடுவாள். அன்றைக்குச் சர்க்கரை தின்ற ஐஸ்கிரீமில் தொண்டை கட்டிக்கொண்டு மைக்கில் தவளை கத்தியது. சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தப் படங்களுக்குக் கீழே, என்ன கொடுத்துவைத்தவ நீ, எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே என்று எழுதித் தீர்த்தார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் ரயில்டா. இனிமே என்னை அனுப்பமாட்டார். ஒரு வார்த்தை அவன் வாயால அம்மான்னு கேட்டுட்டா போதும். நீதான் நல்லாப் பேசுவியே, அவன்கிட்டப் பேசேன்."

நல்லாப் பேசுவானாம். மறுநாள் காலை முதல் சுற்றுக்கு முன்னாலேயே சர்க்கரை பேக்கரிக்குப் போய் நின்றான். மருமகன் கை நிறைய மாவோடு வந்தான்.

"வாங்க மாமா. அம்மா நேத்து பூரா மேல உக்காந்துருந்தாங்களே, வெயில் ஒத்துக்குச்சா?"

சர்க்கரைக்கு அசடு வழிந்தது. "பார்த்துட்டியாடா மாப்ள?"

"அம்மாவைத் தெரியாதா மாமா எனக்கு? ஒவ்வொரு தடவையும் காலித் தட்டைச் சும்மா எடுத்துட்டு வாசல் பக்கம் வந்தது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"அப்புறம் என்னடா? ஒரு எட்டு மேல வந்து..."

"அப்பாவுக்குத் தெரியுமா, அவங்க இங்க வந்திருக்கறது?"

சர்க்கரை அதைச் சுற்றி ஏதேதோ சொல்லிப் பார்த்தான். அம்மாவுக்கு மூட்டுவலி, அம்மா தூங்குவதில்லை, அம்மா உன் பழைய சட்டையை இன்னும் வைத்திருக்கிறாள். கடைசியாகச் சொன்னது அவனே அந்த நிமிஷம் சேர்த்த சர்க்கரை.

"மாமா, அப்பா கத்தினாரு. அது அவர் குணம், அதை நான் எப்பவோ விட்டுட்டேன். ஆனா அம்மா பால் பார்க்க உள்ள போயிட்டாங்க. இப்பவும் திருட்டுத்தனமா வந்து பார்த்துட்டுப் போனா எப்படி? நான் என்ன அப்படி வெளிய சொல்லக்கூடாத ஆளா?"

சர்க்கரை பஸ்ஸுக்கு வந்து, "வேலையா இருக்கான்க்கா, யோசிக்கறேன்னு சொன்னான்" என்றான். யோசிக்கிறேன் என்று அவன் சொல்லவேயில்லை. அக்காவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் இவன் மைக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

மத்தியானச் சுற்றில் பஸ் பேக்கரி முன்னால் வந்து நின்றது. முக்கால்வாசிப் பேர் பன் தின்ன இறங்கிவிட்டார்கள். சர்க்கரை படிக்கட்டின் பக்கத்தில் நின்று ஒரு பெரியவருக்குக் கழிப்பறை எங்கே என்று கை காட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் பேக்கரிக் கதவு திறந்தது. மருமகன் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உள்ளே எறிந்துவிட்டு, கையில் ஒரு காகிதப் பையோடு நேராகப் பஸ்ஸைப் பார்த்து வந்தான். பஸ்ஸின் கீழ்வாசலில் ஒரு காலை வைத்து ஒரு கணம் நின்றான். பிறகு ஏறினான்.

சர்க்கரை திரும்பி அக்காவைக் கூப்பிட வாயெடுத்தான். அதே நேரம் அக்காவின் போன் அடித்தது. படம் தெரிகிற போன். அக்கா ஆடிப்போய், போனில் பேக்கரி தெரிந்துவிடக்கூடாதே என்று இருக்கையை விட்டு எழுந்து, வலதுபக்கம் ஓடி, நீரூற்றைப் பார்த்து நின்றுகொண்டாள். முதுகு படிக்கட்டைப் பார்த்து இருந்தது.

"நீரூத்துங்க. தெரியுதா? என்ன உயரம் பாருங்க."

"தெரியுது, தெரியுது." அத்தானுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் குரலும் பெரிசு, போனின் சத்தமும் பெரிசு. "தம்பி ஒழுங்காச் சுத்திக் காட்டறானா?"

மருமகன் கடைசிப் படிக்கு வந்துவிட்டான். மாமாவைப் பார்த்துச் சிரித்தான், சின்னப் பிள்ளையில் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. சர்க்கரை கையை ஆட்டினான். வா என்று ஆட்டினானா, போ என்று ஆட்டினானா, அவனுக்கே தெரியாது. மைக்கில் பேசினால் அத்தான் காதில் விழும். அக்கா என்று கூப்பிட்டால் அவள் போனோடுதான் திரும்புவாள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான்.

"அந்தப் பயலை எங்கயாவது பார்த்தியா?" என்றது போன்.

"ஐயோ, நல்லாக் கேட்டீங்க போங்க! அவனை எதுக்கு நான் பார்க்கப்போறேன்? அவன் நினைப்பே எனக்கு இல்லைங்க. நானும் தம்பியும்தான், நல்லா ஊர் சுத்திக்கிட்டு இருக்கோம்" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

பஸ்ஸின் மேல்மாடியில் அத்தனை பேருக்கும் கேட்டது. மருமகன் அம்மாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான். காகிதப் பையை மாமாவின் கையில் வைத்தான். சூடாக இருந்தது.

"பஸ்ல பசிக்கிறவங்க யாருக்காவது குடுங்க மாமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அக்கா போனை அணைத்துவிட்டு இடதுபக்கம் ஓடி வந்து உட்கார்ந்தாள். "கடைக்குள்ள ஆளைக் காணோமே?" என்றாள். பிறகு பையைப் பார்த்தாள். "என்னடா அது?"

அவள் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். வந்தான், நீ சொன்னதைக் கேட்டான், போய்விட்டான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அத்தனை வருஷத்துப் பழக்கம் அவன் வாயில் குந்தியிருந்தது.

"பன்னுக்கா. உனக்குத்தான். குடுத்தனுப்பினான்."

அக்கா பையைப் பிரித்தாள். முதலில் முகர்ந்தாள். பிறகு ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாதவள் போல முழுப் பன்னையும் தின்று, மடியில் விழுந்த எள்ளைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். சர்க்கரை மைக்கில் பழைய பாலத்தைப் பற்றி என்னவோ உளறிக்கொண்டு வந்தான். பாலம் கட்டிய ராஜாவைப் படகு விட்டவன் ஆக்கினான், யாரும் கவனிக்கவில்லை.

"தம்பி, அடுத்த சுத்துல நான் இறங்கிடறேன்டா" என்றாள் அக்கா.

"ரயிலுக்கு நேரமாகுமேக்கா."

"ஆகட்டும். அவனே இறங்கி வந்துட்டான், நான் இன்னும் ஒளிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா என்ன அம்மா நான்? உங்க அத்தான் கேட்டா, ஆமா, என் பிள்ளையைத்தான் பார்க்க வந்தேன்னு சொல்லிடறேன். என்ன செஞ்சுடுவார்?"

நாலு வருஷமாக வராத தைரியம். சர்க்கரைக்கு அழுகை வந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அந்தத் தைரியம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். சொல்லாவிட்டால் அவள் சிரித்த முகத்தோடு போய் அவன் முன்னால் நிற்பாள். மணிக்கூண்டு வந்தது, சொல்லவில்லை. பூச்சந்தை வந்தது, அக்கா என்று ஆரம்பித்தான். அவள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டிருந்தாள். "என்னடா?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா" என்றான்.

பேக்கரி நிறுத்தத்தில் அவளே முதல் ஆளாக இறங்கினாள். போன் கைப்பைக்குள் அடித்தது, அவள் எடுக்கவில்லை. கூடவே போக இவனுக்கு வழியில்லை. மேல்மாடியை விட்டு வழிகாட்டி இறங்கக்கூடாது என்பது கம்பெனி விதி, நேற்று படமெடுக்க ஓடியதற்கே திட்டு வாங்கியிருந்தான். விதி இல்லாவிட்டாலும் அவன் கால் நகர்ந்திருக்காது. கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. கடைக்குள் கூட்டம். அக்கா முண்டியடித்துக்கொண்டு போகவில்லை, வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். மருமகன் தலை குனிந்து யாருக்கோ பன் கட்டிக்கொண்டிருந்தான், இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டிரைவர் மணி அடித்தார். சர்க்கரை ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று கையைக் காட்டினான். டிரைவருக்குக் கீழேயிருந்து மேலே எப்படித் தெரியும்? பஸ் நகர்ந்தது. அக்கா திரும்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பிக்குக் கை காட்டினாள். அவளுக்கு முன்னால் இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. வாயில் இன்னும் அந்தப் பன்னின் ருசியோடு, தனக்கென்றே பிள்ளை கொடுத்தனுப்பியது என்ற நினைப்பில், அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.